மெழுகில் இருந்த மண்

அப்படியென்றால் அது நான் இல்லை. என் நெஞ்சிலிருந்து போனது இல்லை.

பேருந்து வடுவூர் ஏரிக்கரையை எட்டும்வரை குந்தவை இதையே உள்ளுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லும்போதெல்லாம் நெஞ்சுக்கூட்டில் ஏதோ இளகியது. பின்னாலேயே வெட்கமும் வந்தது. செத்துப்போனவன் பரிதி. கணவனின் தம்பி. "அண்ணி, அண்ணி" என்று அடுப்படியையே சுற்றிவந்த பிள்ளை. அவன் எதனால் செத்தான் என்று தெரிந்துகொண்டு வீடு திரும்பும் வழியில் தனக்கு மூச்சு லேசாகிறதே, இது என்ன மனம் என்று நினைத்தாள். ஆனாலும் இளகியது இளகியதுதான்.

கணவன் பகலவன் முன் இருக்கைக் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். தஞ்சாவூரில் ஏறியதிலிருந்து அதே இருப்புதான். வெளியே ஐப்பசி வானம் தாழ்ந்து கிடந்தது. ஏரித் தண்ணீரில் தூறல் விழுந்து புள்ளி புள்ளியாகத் தெரிந்தது.

தொண்டையில் செருமல் வந்தது. பழக்கத்தில் விழுங்கினாள். விழுங்க வேண்டியதில்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. திரும்ப வரவழைக்க முடியவில்லை.

இருமுவதென்றால் அவள் வைக்கோல் போருக்குப் பின்னால் போய்விடுவாள். அங்கே போகச் சொல்லி யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவள் செருமினால் மாமியார் காத்தாயி, பரிதியின் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போவாள். அவ்வளவுதான். குந்தவையின் பாயும் தலையணையும் தனியாகக் காயும். வயலுக்கு வரும் ஆட்கள் எல்லோருக்கும் அவள் கையால்தான் சோறு. குழந்தைக்கு மட்டும் காத்தாயி தனி அடுப்பில் வைப்பாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு பரிதிக்குக் காய்ச்சல் விடாமல் அடித்தது. உடம்பு இளைத்தது. எக்ஸ்ரேயில் நெஞ்சில் வெள்ளைவெள்ளையாகத் தெரிந்தபோது மருத்துவர் கேட்டார்: "வீட்ல யாருக்காவது டிபி இருந்திருக்கா?" எல்லோரும் இல்லை என்றார்கள். குந்தவைதான் வாயைத் திறந்தாள். பதினோராம் வகுப்புப் படிக்கும்போது தனக்கு வந்தது, மாத்திரையை விடாமல் சாப்பிட்டுக் குணமானது. அவள் அப்பா கல்யாணப் பேச்சில் மறைத்த சங்கதி அது. அதை இப்போதும் மறைத்தால் இந்தப் பிள்ளைக்கு வைத்தியம் தப்பிவிடுமோ என்ற பயத்தில் சொன்னாள். மருத்துவர் எல்லாம் விளங்கிவிட்டது போலத் தலையாட்டினார். காத்தாயி மெல்லத் திரும்பி மருமகளைப் பார்த்தாள். அந்தப் பார்வை பிறகு அவள்மீதிருந்து இறங்கவே இல்லை.

டிபி மாத்திரைகள் வேலை செய்யவில்லை. வயிற்றில் சீழ் கட்டியது. மண்ணீரலை அறுத்து எடுத்தார்கள். அதற்கும் அடங்காமல் சம்பா அறுவடைக்கு முன்பே பரிதி போய்விட்டான்.

இன்று காலை தஞ்சாவூர் ஆய்வகத்தில் டாக்டர் அனுராதா மேசைமீது ஒரு சிறிய பிளாஸ்டிக் சட்டத்தை எடுத்து வைத்தாள். அதற்குள் வெள்ளை மெழுகுக் கட்டி. மெழுகுக்குள் புளியங்கொட்டை அளவில் பழுப்பாக ஏதோ.

"இது உங்க தம்பியோட மண்ணீரல். ஆபரேஷன்ல எடுக்கறதுல ஒரு துண்டை இப்படி மெழுகுல பதிச்சு வச்சுருவோம். வருஷக்கணக்கா கெடாம இருக்கும்."

பகலவன் கையை நீட்டினான். தொடாமல் இழுத்துக்கொண்டான். "முழுசா எரிச்சாச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கோம்ங்க" என்றான்.

டாக்டர் சின்னப் பெண்தான். தண்ணீர் பாட்டிலை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"டிபி மருந்து குடுத்தும் கேக்காதவங்களோட பழைய கட்டிகளையெல்லாம் திரும்ப எடுத்துப் பாத்தோம். மெழுகோட சேத்து மெல்லிசா சீவி, உள்ள எந்தக் கிருமியோட மரபணு மிச்சம் இருக்குன்னு தேடுறது. உங்க தம்பி துண்டுல டிபி கிருமி இல்லவே இல்ல. திரும்பத் திரும்பப் பாத்துட்டோம். இருந்தது வேற." மீலியாய்டோசிஸ் என்று ஒரு பெயர் சொன்னாள். குந்தவையின் வாயில் அது நிற்கவில்லை. "மண்ணுல இருக்கற கிருமி. வயல் சேத்துல, தேங்கின தண்ணியில இருக்கும். மழை நாள்ல மேல வரும். பாக்கறதுக்கு டிபி மாதிரியே இருக்கும். அதான் எல்லாரும் ஏமாந்துட்டாங்க."

"ஆளுக்கு ஆள் ஒட்டுங்களா?"

தன் குரல் அவ்வளவு மெல்லியதாக வந்தது குந்தவைக்கே ஆச்சரியமாக இருந்தது.

"ஒட்டுறது ரொம்ப ரொம்ப அபூர்வம்மா. அவருக்கு வந்தது உங்க வயல்லேர்ந்துதான். ஆவணியில எங்க ஸ்டூடன்ட்ஸ் வந்து மண்ணு எடுத்துக்கிட்டுப் போனாங்கல்ல?"

வந்தார்கள். காத்தாயி அந்தப் பிள்ளைகளுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்து, "நல்லா அள்ளிக்கிட்டுப் போங்கய்யா, எம் மண்ணு எந்தப் பரிச்சையிலயும் தோக்காது" என்று சிரித்தாள்.

"அந்த மண்ணுல இதே கிருமி வளந்துச்சு. ஒரே கிருமியிலயே பல வகை உண்டு. பங்காளி வகையறான்னு சொல்றோம்ல, அந்த மாதிரி. மெழுகுல இருந்ததும் உங்க வயல்ல இருந்ததும் ஒரே வகையறா. மெழுகுல கெடந்து மரபணு துண்டு துண்டா உடைஞ்சிருக்கு, முழுசாப் படிக்க முடியல. படிச்ச வரைக்கும் அச்சா ஒத்துப்போகுது. காய்ச்சல் வர்றதுக்கு முன்னால அவருக்குக் காயம் ஏதும் பட்டுச்சா?"

"கால்லங்க. வரப்புல அண்டை வெட்டும்போது மம்முட்டி பட்டுச்சு" என்றான் பகலவன். "பெரிசா ஒண்ணும் இல்ல. சேத்தை வச்சுக் கட்டினதும் ரத்தம் நின்னுருச்சு."

டாக்டர் நிமிர்ந்தாள். "சேத்தையா?"

"வாய்க்கா வண்டல்ங்க. குழைச்சு அப்பிக் கட்டுறது. எங்க பக்கம் எல்லாரும் செய்யறதுதான். காய்ஞ்சா பிரிச்சுட்டுப் புதுசு வைப்போம்."

"யாரு வச்சா?"

பகலவன் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகினான். குந்தவைக்குக் கண்ணில் வந்தது: காத்தாயி வாய்க்கால் படியில் உட்கார்ந்து, வண்டலில் கிடந்த நத்தை ஓட்டையும் வைக்கோல் தும்பையும் பொறுக்கி எறிந்துவிட்டு, உள்ளங்கையில் வைத்துக் குழைத்த குழைப்பு. பிள்ளைக்கு மாவு பிசைகிற மாதிரி அவ்வளவு பக்குவமாக.

"அதுனாலதான்னு நான் சொல்ல முடியாது" என்றாள் டாக்டர், ஏதோ புரிந்தவள் போல. "வெறுங்காலோட சேத்துல நின்னாலே வரலாம். ஆனா தொறந்த காயத்துல அதே சேத்தை நாள்கணக்கா..." பகலவனைப் பார்த்தாள். "உங்களுக்குச் சுகர் இருக்குன்னீங்க. உங்க தம்பிக்கும் இருந்திருக்கு. இது சுகர்காரங்களைத்தான் தேடிப் பிடிக்கும். கால்ல காயம் பட்டா சோப்புப் போட்டுக் கழுவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு வந்துருங்க. சேறு வைக்கவே கூடாது. வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க."

மன்னார்குடியில் இறங்கி டவுன் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது பகலவன் இரண்டு டீ வாங்கிவந்தான். அவளிடம் ஒன்றைக் கொடுத்துவிட்டு, கூட்டத்தைப் பார்த்தபடியே சொன்னான்:

"அம்மாகிட்ட சொல்லக் கூடாது."

"எதைங்க?"

"எதைன்னா? எல்லாத்தையும்தான்."

"டிபி இல்லங்கறதயுமா?"

அவன் டீயை ஊதினான். "அதச் சொன்னா பின்ன என்னன்னு கேக்கும். மண்ணுன்னா எப்புடின்னு கேக்கும். அது விடுற ஆளா? நோண்டிக்கிட்டே போயி கடைசில எங்க வந்து நிக்கும், யோசிச்சுப் பாரு."

"அப்ப நான்?"

"உன்னை யாரு இப்ப என்ன சொல்றா? ரெண்டு வருஷம் ஆச்சு. எல்லாம் பழகிப்போச்சுல்ல."

யாருக்குப் பழகிப்போச்சு என்று கேட்க நினைத்தாள். டீ கசந்தது.

"டாக்டரம்மாவே நிச்சயமாச் சொல்ல முடியாதுன்னுதானே சொன்னாங்க" என்றான்.

"சேறுதான்னு நிச்சயமில்ல. டிபி இல்லங்கறது நிச்சயம்."

"குந்தவை." இப்போதுதான் திரும்பினான். கண் ஓரங்கள் சிவந்திருந்தன. "அம்மா பெத்த புள்ளடி அவன். அது கையாலயே..." காலிக் காகித டம்ளரைக் கசக்கினான். "டிபிதான்னு சொல்லிடுவோம். நீ வாயத் தொறக்காத, அது போதும். நான் சொல்லிக்கறேன்."

அவள் சரி என்று சொல்லவில்லை. சொல்லாததையே சரி என்று எடுத்துக்கொண்டு அவன் பஸ்ஸில் ஏறினான்.

ஜன்னலோரம் உட்கார்ந்து குந்தவை தன்னைத் தோண்டிப் பார்த்தாள். எனக்கு என்ன வேண்டும்? பழி நீங்கினால் போதுமா, இல்லை அந்த அம்மாள் என்னைப் பார்த்த பார்வையைத் தன் பக்கமே திருப்பிப் பார்க்க வேண்டுமா? இரண்டாவது ஆசையும் உள்ளே இருந்தது. கொஞ்சமாக, ஆனால் உயிரோடு. அதைக் கண்டதும் பயந்துபோனாள். தன் நியாயத்துக்குள் இப்படி ஒன்று ஒளிந்திருக்கிறபோது வாயைத் திறப்பது சரியா என்று தெரியவில்லை. திறக்காமலிருப்பது சரியா என்றும் தெரியவில்லை.

வீட்டு வாசலில் காத்தாயி நாற்று பறிக்க வரும் ஆட்களுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் நடவு. காதில் போனை வைத்தபடியே கையால் நிற்கச் சொன்னாள். பேசி முடித்துவிட்டு, "என்னடா சொன்னாங்க? எம் புள்ளைய ஏன் இன்னும் கிண்டிக்கிட்டு இருக்காங்க?" என்றாள்.

"ஒண்ணுமில்லம்மா. ஆராய்ச்சியாம். எல்லாம் பழசுதான்."

"பழசுன்னா?"

"டிபிதான்."

குந்தவை அவர்களைத் தாண்டி உள்ளே போனாள். பரிதியின் மனைவி கயல்விழி மன்னார்குடி ஜவுளிக்கடை வேலையிலிருந்து அப்போதுதான் வந்து, குழந்தை எழில்மொழிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். குழந்தை பாதிப் பின்னலோடு எழுந்து, "பெரியம்மா, எனக்கு என்னா வாங்கியாந்த?" என்று ஓடிவந்தது.

"எழில், இங்க வா" என்றாள் கயல்விழி. குரலில் கடுமை எதுவும் இல்லை. சோறு ஆறுகிறது என்று சொல்கிற குரல்தான்.

குந்தவை தானாகவே ஓர் எட்டு பின்னால் வைத்தாள். வைத்த பிறகு தன் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மூன்று மா நிலம் அவர்களுடையது, ஏக்கர் கணக்கில் ஒன்று. காத்தாயியும் அவள் புருஷன் வீரையனும் அடுத்தவர் வயலில் நட்டும் அறுத்தும் முதுகு வளைந்தவர்கள். வீரையன் இருந்த காலத்திலேயே வாங்கியது. பத்திரம் பதிந்த அன்று காத்தாயி வயலில் இறங்கி முழங்கால் சேற்றில் சும்மா நின்றாளாம். நடவும் இல்லை, களையும் இல்லை. "என்ன பண்ற?" என்று வீரையன் கேட்டதற்கு, "நிக்கறேன். யாரும் ஏறி வான்னு சொல்ல முடியாதுல்ல" என்றாளாம். பிறகு பிள்ளைகளுக்கு முள் குத்தினாலும், தேள் கொட்டினாலும், அம்மைத் தழும்பு அரித்தாலும், அவள் வைக்கிற மருந்து அந்த வாய்க்கால் வண்டல்தான். ஊரில் எல்லோரும் வைப்பார்கள். அவள் வைப்பதில் ஒரு பெருமையும் சேர்ந்திருக்கும்.

மறுநாள் காலையிலேயே முபாரக்கின் டிராக்டர் கடைசிச் சுற்று சேறடித்துக்கொண்டிருந்தது. நாற்றுக் கட்டுகள் வரப்போரம் விழுந்து கிடந்தன. நடவுப் பெண்கள் புடவையை ஏற்றிச் செருகிக்கொண்டு, டிராக்டர் எப்போது ஏறும் என்று நின்றார்கள்.

"என்னா முபாரக்கு, சேறடிக்கச் சொன்னா கோலம் போடுற?" என்றாள் மங்களாம்பிகை. நடவுக் கும்பலுக்கு அவள்தான் தலைவி.

"நீங்க கோணலா நட்டுப்புட்டு எங்கோலத்து மேல பழியப் போடாதீங்கக்கா."

"நான் நட்டா உன் மச்சான் நூலு புடிச்சுப் பாக்க வருவான்."

"அவன் பாக்க வர்றது நடவையா, நட்டவங்களையா?"

சிரிப்பு வயலைத் தாண்டிக் கேட்டது. காத்தாயிகூடச் சிரித்தாள். "வேலையப் பாருங்கடி, மழை இறங்கிரும்" என்று சொல்லி, டிராக்டர் வரப்பேறியதும் முதல் நாற்று முடியைப் பிரித்து அவளே நட்டாள்.

குந்தவை மோட்டார் கொட்டகையில் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். கண் மட்டும் பகலவனின் காலிலேயே இருந்தது. விடியற்காலையில் கெஞ்சிப் பார்த்தாள், ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொள்ளச் சொல்லி. "சேத்துல பூட்ஸ் போட்டு இறங்குனா நாத்தே சிரிக்கும்" என்று சொல்லிவிட்டு வெறுங்காலோடு இறங்கியிருந்தான். நாற்றுக் கட்டை இரண்டு கையிலும் தூக்கி வீசிக்கொண்டே போனவன், மேலண்டை மூலையில் திடீரென்று ஒற்றைக் காலில் நின்றான்.

"என்னடா?" என்றாள் காத்தாயி.

"பாட்டில் சில்லு. ராத்திரி எவனோ வரப்புல உக்காந்து குடிச்சுட்டு உடைச்சுப் போட்டிருக்கான்."

வரப்பில் ஏறி உட்கார்ந்தான். பாதத்தின் நடுவில் கிழிந்திருந்தது. சேற்றின்மேல் ரத்தம் கோடாக இறங்கியது. குந்தவை டீப் பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள். அவள் வருவதற்குள் காத்தாயி வாய்க்காலில் இறங்கியிருந்தாள். குனிந்து, மேல்சேற்றை ஒதுக்கிவிட்டு, அடியிலிருந்து கருப்பாக ஒரு கை வண்டலை அள்ளினாள். நடந்துகொண்டே குழைத்தாள். விரல்கள் தாமாகவே தும்பைத் தேடி எறிந்தன.

"காலை நீட்டுடா."

பகலவன் மனைவியைப் பார்த்தான். ஒரே ஒரு முறை. பிறகு காலை நீட்டினான்.

குந்தவை அந்தக் காலைப் பார்த்தாள். இவனுக்குத் தெரியும். தம்பியின் சதையை நேற்று மெழுகுக்குள் பார்த்தவன் இவன். தெரிந்தே நீட்டுகிறான். அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்வதைவிடக் காலைக் கொடுப்பது இவனுக்குச் சுலபமாக இருக்கிறது. கோபம்கூட வரவில்லை. இத்தனை அன்பு ஒரு வீட்டில் இருந்தால் அதில் யாராவது செத்துத்தான் போவார்கள் என்று தோன்றியது.

கணவனுக்கும் மாமியாருக்கும் நடுவில் மண்டியிட்டு உட்கார்ந்து, அந்தக் காலைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"சேறு வேணாம் அத்தே."

"தள்ளுடி. ரத்தம் போவுது."

"வேணாம் அத்தே. டாக்டரு வேணாம்னாங்க."

"எந்த டாக்டரு?"

"நேத்துப் பாத்த டாக்டரு."

காத்தாயியின் கை அந்தரத்தில் நின்றது. நடவுப் பெண்களின் பேச்சு ஒவ்வொன்றாக அடங்கியது. வரப்போரம் நின்ற டிராக்டர் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

"பரிதியப் பத்திப் பேசக் கூப்புட்ட டாக்டரு, சேத்தைப் பத்தி எதுக்குப் பேசுனாங்க?"

"சும்மா பொதுவாச் சொன்னாங்கம்மா" என்றான் பகலவன் அவசரமாக. "சுகர் இருக்கவங்க காலைச் சுத்தமா வச்சுக்கணும்னு..."

காத்தாயி அவனைப் பார்க்கவில்லை. குந்தவையைப் பார்த்தாள். குந்தவை தலையைக் குனிந்துகொண்டு, "முபாரக்கு, வண்டிய எடுப்பா" என்று கூப்பிட்டாள். குழாய்த் தண்ணீரும் சோப்பும் கொண்டுவரச் சொல்லிக் காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். பகலவன் பல்லைக் கடித்தான். சுத்தமான துண்டைச் சுற்றிக் கட்டி, முபாரக்கின் பைக்கில் ஏற்றி அனுப்பினாள். "அந்தக் கிருமி பேரு டாக்டரம்மாவுக்குத் தெரியும், போன் போட்டுக் குடுங்க" என்று கிளம்பும் முன் பகலவனின் காதோரம் சொன்னாள்.

திரும்பிப் பார்த்தபோது காத்தாயி அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். வண்டல் கையிலேயே இருந்தது.

மதியத்துக்குள் மழை பிடித்துக்கொண்டது. பாதி நடவோடு பெண்கள் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். "நாளைக்கு வெள்ளனவே வந்துர்றோம்" என்று மங்களாம்பிகை காத்தாயியிடம் சொன்னாள். பதில் வராததால் குந்தவையிடம் இன்னொரு முறை சொல்லிவிட்டுப் போனாள். முபாரக் போன் செய்தான்: காயத்தைக் கழுவித் தையல் போட்டிருக்கிறார்கள், தஞ்சாவூர் டாக்டரோடு இங்குள்ள டாக்டர் பேசினார், இரண்டு நாள் படுக்க வைத்துப் பார்க்கப்போகிறார்கள்.

குந்தவை தூக்குவாளியில் சோறும் மடவை மீன் குழம்பும் எடுத்துக்கொண்டு மோட்டார் கொட்டகைக்குப் போனாள். காத்தாயி உள்ளே சாக்கின்மேல் உட்கார்ந்திருந்தாள். வலது கையில் வண்டல் காய்ந்து வெடித்திருந்தது. கழுவவில்லை.

"அவருக்கு ஒண்ணுமில்ல அத்தே. தையல் போட்டிருக்காங்க. ரெண்டு வாய் சாப்புடுங்க."

"பரிதிக்கு மூணு தடவ மாத்திக் கட்டுனேன்" என்றாள் காத்தாயி.

குந்தவை வாளியைக் கீழே வைத்தாள்.

"காய விடாம கட்டுனேன். மொத நாளே எரியுதும்மான்னான். எரிஞ்சா ஆறுதுன்னு அர்த்தம்டான்னு சொன்னேன்." கொட்டகைத் தகரத்தில் மழை இரைந்ததால் கொஞ்சம் சத்தமாகத்தான் பேசினாள். ஆனால் யாரோ தொலைவில் இருப்பவருக்குச் சொல்கிற மாதிரி. "அவன் உருவப் பாத்தான். நாந்தான் காலைப் புடிச்சுக்கிட்டேன். சின்னப்புள்ளையிலயே அப்புடித்தான், மருந்துன்னா ஓடுவான்."

வெளியே நட்ட வயலில் நாற்று தெரியவில்லை. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. மடையைத் திறந்துவிட வேண்டும் என்று குந்தவைக்குத் தோன்றியது. சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

காத்தாயி திரும்பினாள். முகத்தில் அழுகை இல்லை. அழுகையைவிட மோசமான ஏதோ ஒரு சுறுசுறுப்பு இருந்தது. "நீ சொல்லு. டிபிதானே?"

குந்தவை வாளியின் மூடியைத் திறந்து வைத்தாள்.

"அவந்தான் டிபின்னு சொன்னானே நேத்து. நீயும் பக்கத்துலதானே போன. ஒண்ணுமில்லாமயா அன்னைக்கு அத்தன டாக்டரும் டிபின்னாங்க? உனக்கு இருந்துச்சுல்ல. நீயே சொன்னல்ல உன் வாயால."

"சொன்னேன் அத்தே."

"அப்ப இப்பவும் சொல்லு." நகர்ந்து அருகில் வந்தாள். இரண்டு வருஷத்தில் இவ்வளவு அருகில் வந்ததில்லை. வெற்றிலையும் சேறுமாக மணத்தாள். "உன்னாலதான்னு ஒரு வார்த்தை சொல்லிடு. ஊருக்குச் சொல்ல வேணாம். கயலுகிட்ட வேணாம். எங்கிட்ட மட்டும் சொல்லு. நான் திட்ட மாட்டேன். இனிமே ஒரு சொல்லு சொல்ல மாட்டேன். எழில நீயே வச்சுக்க. குளிப்பாட்டு, சோறு ஊட்டு, பக்கத்துல போட்டுப் படுத்துக்க. யாரு என்ன சொல்றான்னு பாக்கறேன். நீ வயசுப்புள்ள, தாங்கிக்குவ. எனக்கு ஆவாதும்மா."

அம்மா என்று அவள் கூப்பிட்டதும் இல்லை இதுவரை.

குந்தவை அந்தக் கையைப் பார்த்தாள். பஸ்ஸில் தன்னுள் கண்ட அந்த ஆசையைத் தேடினாள், இந்த முகம் உடைவதைப் பார்க்க வேண்டும் என்று நினைத்த ஆசையை. அது இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. சொல்லிவிடலாம் என்று இருந்தது. ஒரு வார்த்தைதான். எத்தனையோ நாள் சொல்லாமலே சுமந்த வார்த்தை. குழந்தையின் ஈரத்தலையைத் துவட்டுவது எப்படி இருக்கும் என்றுகூட ஒரு கணம் கை நினைத்துப் பார்த்தது. ஆனால் இந்த வார்த்தையைச் சொன்னால் நாளைக்கு இன்னொரு காலில் இதே வாய்க்கால் வண்டல் ஏறும். அதைவிட, இதைச் சொல்லி முடித்த பிறகு இருமலை விழுங்குகிற அந்தப் பெண்தான் கடைசிவரை தானாக இருப்பாள்.

காத்தாயி அவள் முழங்காலைப் பிடித்து உலுக்கினாள். "சொல்லும்மா. நீதானே?"

"இல்ல அத்தே" என்றாள் குந்தவை. "நான் இல்ல."

காத்தாயி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், இன்னும் ஏதோ வரும் என்பது போல. குந்தவை வேறெதுவும் சொல்லவில்லை. எழுந்து போகவும் இல்லை.